கீழே விழுந்த கேமரா லென்ஸ்: ரிப்பேர் செய்வதா, மாற்றிவிடுவதா?

மண்டபத்து கிரானைட் தரையில் லென்ஸ் விழுகிற சத்தம் இருக்கிறதே, அது நாதஸ்வரம் மேளத்துக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும். கல்யாண போட்டோ எடுக்கிற, எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்குப் போன வைகாசியில் அதுதான் நடந்தது. பை ஜிப்பை மூடாமல் தோளில் தூக்கியிருக்கிறான், உள்ளே இருந்த 24-70 எம்எம் ஜூம் லென்ஸ் நழுவி நேராகத் தரைக்கு. தாலி கட்ட இன்னும் இருபது நிமிடம். கையில் இருந்த 50 எம்எம் லென்ஸை வைத்து எப்படியோ ஒப்பேற்றிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் போட்டான்: "அண்ணே, சரி பண்றதா, வேற வாங்கிடறதா?"

இதே கேள்வியோடு வருடத்துக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். எல்லோர் மனதிலும் இரண்டு எண்கள்தான் ஓடும்: சர்வீஸ் சென்டர் சொன்ன எஸ்டிமேட், கடையில் புது லென்ஸின் விலை. ஒரு லட்சம் ரூபாய் லென்ஸுக்கு 30,000 தானே, சரி செய்துவிடலாம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த இரண்டாவது எண்ணே தப்பு. விழுவதற்கு ஒரு நிமிடம் முன்பு உங்கள் கையில் இருந்ததே செகண்ட் ஹேண்ட் லென்ஸ்தான். அதனால் எஸ்டிமேட்டை ஒப்பிட வேண்டியது செகண்ட் ஹேண்ட் விலையோடு. இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதிப் பேருக்குக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## முடிவுக்கு முன், எங்கே அடி என்று பாருங்கள்

விழுந்த பதற்றத்தில் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, ஜூம் வளையத்தைப் பிடித்து அழுத்தித் திருகிப் பார்ப்பது. சிக்கியிருந்தால் சிக்கியபடியே விடுங்கள். உள்ளே இருக்கிற சின்ன உருளைகளும் பட்டையான மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிளும் விழுந்ததில் தப்பித்திருந்தாலும் உங்கள் பலத்தில் போய்விடும். முன்னால் போட்ட யூவி ஃபில்டர் நொறுங்கியிருந்தால் லென்ஸைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, தட்டாமல், ப்ளோயரால் ஊதி விடுங்கள். துணி கூடவே கூடாது, கண்ணாடித் தூளை வைத்து முன் கண்ணாடியைத் தேய்ப்பது போலத்தான் ஆகும்.

அப்புறம் மவுண்ட், அதாவது கேமரா பாடியில் லென்ஸ் பூட்டிக்கொள்கிற வளையம். பாடியில் மாட்டி மெதுவாக அசைத்துப் பாருங்கள், முன்பு இல்லாத ஆட்டம் இருக்கிறதா, வளையத்துக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிகிறதா. நிக்கான் எஃப் மவுண்ட்டில் லென்ஸ் உட்காரும் தளத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் 46.5 மில்லிமீட்டர், கேனனின் ஈஎஃப் மவுண்ட்டில் 44. இந்தத் தூரம் ஒரு பக்கம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலே படத்தின் ஒரு ஓரம் மசங்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவு கோணல் என்றால் அது ரொம்பப் பெரிய கோணல்.

ஆன் செய்ததும் கேனன் பாடியில் எரர் 01 வந்தால் லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். முதலில் மவுண்ட்டின் தங்கநிறத் தொடர்புப் புள்ளிகளைச் சுத்தமான காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், சில நேரம் அவ்வளவுதான் விஷயம். முழு அப்பர்ச்சரில் (ஒளி நுழையும் துளை முழுக்கத் திறந்த நிலையில்) மட்டும் படம் எடுக்கிறது, துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் எரர் என்றால் அந்தத் துளையைச் சுருக்குகிற இலைகளோ அதற்கான கேபிளோ போயிருக்கலாம்.

குலுக்கினால் உள்ளே லொடலொட என்று சத்தம் வருகிறதா? உடனே பயப்பட வேண்டாம். ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைச் சமன் செய்கிற அமைப்பு) உள்ள சில லென்ஸ்களில், கேமரா அணைந்திருக்கும்போது உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதி தளர்வாக இருப்பது உண்டு. லீனியர் மோட்டார் லென்ஸ்களும் அப்படித்தான், ஃபுஜியின் 90 எம்எம் எஃப் 2 லென்ஸைப் புதிதாகப் பெட்டியில் இருந்து எடுத்தாலே டொக் டொக் என்று ஆடும். விழுவதற்கு முன்பு எப்படி ஆடியது என்று யாருமே கவனித்திருக்க மாட்டோம், அதுதான் பிரச்சினை.

கடைசியாக முக்கியமான சோதனை, இதற்கு ஒரு தினசரி போதும். வரி விளம்பரப் பக்கங்களை எடுத்துச் சுவரில் ஃபிரேம் முழுக்க நிரம்புகிற மாதிரி ஒட்டுங்கள், அந்தப் பொடி எழுத்தை விட நல்ல டெஸ்ட் சார்ட் எனக்குத் தெரியாது. ட்ரைபாடில் கேமராவை வைத்து, சுவருக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள்: வியூஃபைண்டரின் நடுவில் உங்கள் லென்ஸே தெரிந்தால் நேராக இருக்கிறது. முழு அப்பர்ச்சர், டைமர், லைவ் வியூவில் நடுவே ஃபோகஸ். ஜூம் என்றால் அகல முனையிலும் நீள முனையிலும் (24-70 என்றால் 24இலும் 70இலும்) தனித்தனியாக எடுங்கள்.

நாலு மூலையும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது அந்த லென்ஸின் குணம், முழு அப்பர்ச்சரில் பெரும்பாலும் அப்படித்தான். ஒரே ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் குழைந்திருந்தால்தான் சந்தேகம். அப்போது கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்னொரு படம். மசங்கல் ஃபிரேமில் அதே மூலையில் நின்றால் கோளாறு லென்ஸிலோ பாடியிலோதான். பேப்பரில் உள்ள அதே இடத்தோடு போனால் நீங்கள் நேராக வைக்கவில்லை. கடைசியாக வேறு ஒரு நல்ல லென்ஸை மாட்டி அதையே செய்யுங்கள். அதிலும் அதே மூலை மசங்கினால் அடி பட்டது பாடியின் மவுண்ட்டுக்கு. லென்ஸ் பாடியில் மாட்டியிருக்கும்போது ட்ரைபாடோடு சாய்ந்த கேஸ்களில் இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், லென்ஸுக்குச் செலவு செய்துவிட்டு அப்புறமும் படம் சரியில்லையே என்று சர்வீஸ்காரரோடு சண்டை போடுகிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, அடி தோலிலா எலும்பிலா. ஃபில்டர் வளையம் நசுங்கியது, ஹூட் உடைந்தது, வெளிக்கூட்டில் கீறல், இவை தோல். மவுண்ட் கோணல், கண்ணாடித் தொகுதி மையம் விலகியது, ஸ்டெபிலைசர் செத்தது, இவை எலும்பு. தோலுக்குச் செலவு செய்வதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது அதே லென்ஸின் செகண்ட் ஹேண்ட் விலை, மேலே சொன்னேன். மூன்றாவது, எத்தனை நாள் கையில் இருக்காது. நான்காவது, பாகம் கிடைக்குமா. தயாரிப்பு நின்று பல வருடம் ஆன லென்ஸ் என்றால் எஸ்டிமேட்டே வராது, "பார்ட்ஸ் இல்லை" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை: இந்த மவுண்ட்டில் நீங்கள் இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறீர்கள்? கேனன் ஈஎஃப் லென்ஸ் என்றால் அடாப்டர் போட்டு ஆர் வரிசை மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புது வகை) பாடிகளில் நன்றாகவே ஓடும், அதனால் செலவு வீணில்லை. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ் என்றால் கதை வேறு. நிக்கானின் இசட் வரிசை மிரர்லெஸ் பாடியில் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு அதை மாட்டலாம், ஆனால் ஆட்டோஃபோகஸ் வராது, ஏனென்றால் அதைச் சுழற்றும் மோட்டார் பழைய பாடிக்குள் இருந்தது. அடுத்த வருடம் இசட் பாடிக்குப் போகிற எண்ணம் இருந்தால் அந்த லென்ஸுக்கு ஐயாயிரம் கூடச் செலவு செய்யாதீர்கள்.

## ஒன்று: அப்படியே வைத்துப் பயன்படுத்துவது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. செலவு பூஜ்யம். முன் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் மனசுக்குத்தான் வலி, படத்தில் பெரும்பாலும் தெரியவே தெரியாது, நேர் வெளிச்சம் பட்டால் கொஞ்சம் ஃப்ளேர் கூடும், அவ்வளவுதான். பின் கண்ணாடியில் விழுந்த கீறல்தான் படத்தில் தெரியும். ஃபில்டர் வளையம் நசுங்கி இனி ஃபில்டர் ஏறாது என்றாலும், உங்களுக்கு ஃபில்டர் தேவையே இல்லையென்றால் விட்டுவிடலாம். வளையத்தை நிமிர்த்தவே தனியாக ஒரு சின்னக் கருவி உண்டு, மெக்கானிக்குகள் வைத்திருப்பார்கள்.

மறைந்திருக்கிற செலவு என்னவென்றால் இடுக்கு. கூட்டில் விரிசல் விட்டிருந்தால் அது வழியாகத் தூசியும் ஈரக் காற்றும் உள்ளே போகும், நம் ஊர் ஈரப்பதத்துக்கு இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் பூஞ்சை பிடித்தாலும் ஆச்சரியமில்லை. அப்போது வரும் சுத்தம் செய்கிற கூலி, இப்போது மிச்சப்படுத்தியதைத் தின்றுவிடும்.

பொழுதுபோக்குக்கு எடுப்பவர், மூலைச் சோதனையில் தேறிய லென்ஸ் என்றால் இதுவே நல்ல வழி. காசு வாங்கிக்கொண்டு எடுப்பவர் என்றால், ஆட்டோஃபோகஸில் லேசான தயக்கம் இருந்தாலும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது நிற்கப்போகிற நேரம் முகூர்த்த நேரமாகத்தான் இருக்கும்.

## இரண்டு: கம்பெனி சர்வீஸ் சென்டர்

எலும்பில் அடி என்றால், ரிப்பேர் செய்வதாக முடிவெடுத்தால், இங்கேதான் போக வேண்டும். இன்றைய லென்ஸ்களில் மவுண்ட்டுக்கு அடியிலும் சில கண்ணாடித் தொகுதிகளைச் சுற்றியும் காகிதம் போல மெல்லிய வாஷர்கள் இருக்கும், எந்தப் பக்கம் எத்தனை என்று தொழிற்சாலையில் அளந்து வைத்தது. அதைத் திரும்ப அதே கணக்கில் வைத்து, கருவியில் ஏற்றி, மென்பொருளில் ஃபோகஸைச் சரிபார்க்கிற வசதி கம்பெனியிடம்தான் இருக்கும்.

வாரண்டி இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள், கீழே விழுந்தது வாரண்டியில் வராது. பில் இல்லாத, வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த லென்ஸை இங்கே வாங்கிக்கொள்வார்களா என்று முதலிலேயே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

எஸ்டிமேட்டைப் பார்த்து ஏன் தலை சுற்றுகிறது என்றால், அங்கே உடைந்த சின்னப் பாகத்தைத் தனியாக மாற்ற மாட்டார்கள், பெரும்பாலும் அந்த யூனிட்டையே மாற்றுவார்கள். ஐம்பது ரூபாய் கேபிள் போயிருந்தாலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிற தொகுதிக்குத்தான் விலை. அதன் மேல் கூலி, அதன் மேல் 18% ஜிஎஸ்டி. எஸ்டிமேட்டை வேண்டாம் என்று சொன்னால் பிரித்துப் பார்த்ததற்கு ஒரு கட்டணம் கேட்கிற இடங்கள் உண்டு, கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவை ஜிஎஸ்டியில் பதிவு செய்து வைத்திருப்பவர்களுக்கு இந்த வரியைத் திரும்ப வரவு வைத்துக்கொள்ள முடியும், தனி ஆளிடம் வாங்குகிற செகண்ட் ஹேண்ட் லென்ஸில் அந்தச் சலுகை இல்லை, கணக்குப் போடும்போது இதையும் சேருங்கள்.

நாள்தான் பெரிய தொல்லை. பாகம் வெளியில் இருந்து வர வேண்டும் என்றால் வாரக்கணக்கில் ஆகும். ஆடியிலோ மார்கழியிலோ விழுந்தால் பரவாயில்லை, கல்யாணமே இல்லாத மாதம், நிதானமாகக் கொடுத்து வாங்கலாம். தை, வைகாசி, ஆவணியில் விழுந்தால் அந்த வாரங்களுக்கு வாடகை லென்ஸ் எடுக்க வேண்டும், அந்த வாடகையும் ரிப்பேர் செலவுதான்.

## மூன்று: வெளி மெக்கானிக்

நல்ல மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். வளையம் நிமிர்த்துவது, ஹூட் பூட்டு, கேமராவோடு சேர்ந்து வருகிற கிட் லென்ஸின் உடைந்த பிளாஸ்டிக் மவுண்ட்டை மாற்றுவது, பழைய மேனுவல் லென்ஸில் இலை ஒட்டிக்கொண்டது, பிரபலமான மாடல்களின் ஃப்ளெக்ஸ் கேபிள், இதற்கெல்லாம் கம்பெனிக்குப் போவது கொசுவுக்கு பீரங்கி. செத்துப்போன இன்னொரு லென்ஸில் இருந்து பாகம் எடுத்துப் போடுவார்கள், அதனால்தான் விலை குறைவு. அந்தப் பாகத்தின் ஆயுள் எவ்வளவு என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஆள் தேறுவாரா என்று பார்க்க ஒரு சின்ன வழி சொல்கிறேன். ஜப்பான் லென்ஸ்களில் இருப்பது ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர அளவுத் திருகாணி, பார்க்க சாதாரணப் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் போட்டால் தலை வழுக்கித் தேய்ந்துவிடும். அவர் பிரித்து மூடிய வேறு லென்ஸ்களின் மவுண்ட் திருகாணிகளைப் பாருங்கள். தலைகள் தேய்ந்து வெள்ளையாகப் பளபளத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மையம் விலகிய எஃப் 2.8 ஜூமை இவர்களிடம் கொடுப்பது சூதாட்டம். திறமை இல்லை என்று சொல்லவில்லை, அளக்கிற கருவி இல்லை. வெளியே ஒருமுறை பிரித்த லென்ஸைக் கம்பெனியில் அப்புறம் வாங்க மறுக்கலாம், அந்தக் கதவு அடைபடுவதுதான் இந்த வழியின் உண்மையான செலவு.

## நான்கு: அதே லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்குவது

என்னைக் கேட்டால், எலும்பில் அடி பட்ட, டிஎஸ்எல்ஆர் (உள்ளே அந்தப் பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள பழைய வகை கேமரா) காலத்து லென்ஸ்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. ஆட்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாற மாற, ஈஎஃப், எஃப் மவுண்ட் லென்ஸ்கள் நல்ல நிலையில் விலை இறங்கிக் கிடைக்கின்றன. உடைந்ததையும் தூக்கிப் போட வேண்டாம், பாகத்துக்காக மெக்கானிக்குகள் வாங்குவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். புதுசு ஒரு லட்சம், செகண்ட் ஹேண்டில் 45,000. எஸ்டிமேட் 28,000, ஜிஎஸ்டி சேர்த்தால் 33,040. லென்ஸ் வருகிற வரை மூன்று விசேஷங்களுக்கு வாடகை 1,200 வீதம் 3,600. ஆக ரிப்பேருக்கு 36,640. இந்தப் பக்கம் 45,000 கொடுத்து வாங்கி, உடைந்ததை 8,000க்கு விற்றால் 37,000. புது விலையோடு ஒப்பிட்டபோது மூன்றில் ஒரு பங்காகத் தெரிந்த ரிப்பேர், இப்போது சரிக்குச் சரி வந்து நிற்கிறது.

அப்படிச் சமமாக வந்தால் எதை எடுப்பது? ரிப்பேர் ஆன உங்கள் லென்ஸின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும், மாற்றிய பாகத்துக்குக் கம்பெனி சில மாதம் பொறுப்பும் ஏற்கும். வாங்குகிற லென்ஸ் வேறு யாரோ கீழே போட்டு ஒட்டவைத்து விற்பதாகவும் இருக்கலாம், இந்தச் சந்தையில் அது நடக்காத விஷயமில்லை. அதனால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை பார்க்காமல், மவுண்ட் திருகாணிகளைப் பார்க்காமல், அந்த வரி விளம்பரச் சோதனையைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். "ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்பதற்கு ஒப்புக்கொள்ளாத ஆளிடம் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் நான் வாங்குவதில்லை.

என் சொந்த அளவுகோல்: எல்லாம் சேர்த்த ரிப்பேர் செலவு செகண்ட் ஹேண்ட் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடுவேன். கண்ணாடித் தொகுதியில் அடி என்றால் அந்தப் பாதியைக்கூட மூன்றில் ஒன்றாகக் குறைத்துக்கொள்வேன்.

## ஐந்து: புதுசு

விலை குறைந்த லென்ஸ்களுக்கு இங்கே யோசிக்கவே வேண்டாம். கேனனின் பழைய 50 எம்எம் எஃப் 1.8 இரண்டாம் பதிப்பு, 1990இல் வந்தது, 130 கிராம், மவுண்ட்டே பிளாஸ்டிக். கீழே விழுந்தால் முன் பாதி தனியாகக் கழன்று கையில் வருவதற்குப் பெயர் போனது. பசை போட்டு ஒட்டியவர்களை எனக்குத் தெரியும், படம் வரும், நம்பிக்கை வராது. 2015இல் அதற்குப் பதிலாக எஸ்டிஎம் என்கிற மோட்டார் வைத்த பதிப்பு வந்தது, உலோக மவுண்ட், ஆட்டோஃபோகஸும் அமைதி. பழையது உடைந்தால் அதை வாங்குவதுதான் முறை. 18-55 மாதிரி கிட் லென்ஸுக்கும் இதே கதைதான், இன்னும் சொல்லப்போனால் கிட் லென்ஸை விற்றுவிட்டு வேறு லென்ஸுக்குப் போனவர்கள் ஊரில் எக்கச்சக்கம், செகண்ட் ஹேண்டிலேயே கிடைக்கும்.

விலை கூடிய லென்ஸில், உடைந்ததைச் சாக்காக வைத்து மேலே போகிற ஆசை வரும். அதில் ஒளிந்திருக்கிற செலவு, புது மவுண்ட் லென்ஸ் வாங்கினால் பாடி, பாடிக்கு பேட்டரி, கார்டு, அப்புறம் மற்ற லென்ஸ்களும் வரிசையாகப் பழசாகத் தெரியும். ஒரு வருடத்துக்குள் எப்படியும் மாறுவதாக இருந்தவருக்கு இது சரியான நேரம். விழுந்ததால் மட்டும் மாறுகிறவருக்குக் கடன்தான் மிஞ்சும்.

## ஒரே பார்வையில்

| எங்கே அடி | பொழுதுபோக்குக்கு எடுப்பவர் | காசு வாங்கி எடுப்பவர் |
|---|---|---|
| ஃபில்டர் வளையம், ஹூட், வெளிக்கீறல் | அப்படியே வைக்கலாம் | வெளி மெக்கானிக் |
| கிட் லென்ஸ், எந்த அடியும் | செகண்ட் ஹேண்ட் | செகண்ட் ஹேண்ட் |
| மவுண்ட் கோணல், கண்ணாடி நலம் | கம்பெனி எஸ்டிமேட் பார்த்து | கம்பெனி, சீசன் என்றால் வாடகையோடு |
| ஒரு பக்கம் மசங்கல், ஸ்டெபிலைசர் கோளாறு | செகண்ட் ஹேண்ட் | செகண்ட் ஹேண்ட்; புது மாடல் என்றால் கம்பெனி |
| பாகம் கிடைக்காத பழைய லென்ஸ் | மேனுவலில் ஓடினால் வைத்துக்கொள்ளலாம் | மாற்றிவிடுங்கள் |

புது மாடலுக்கு மட்டும் ஏன் கம்பெனி என்றால், சந்தைக்கு வந்து ஒன்றிரண்டு வருடமே ஆன லென்ஸ் செகண்ட் ஹேண்டில் அரிதாகத்தான் வரும், வந்தாலும் விலை அவ்வளவாக இறங்கியிருக்காது.

தம்பியின் 24-70 இந்த அட்டவணையில் நாலாவது வரி. வளையம் நசுங்கியதைத் தவிர வெளியே ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் 24இல் இடது பக்கம் முழுக்கக் கரைந்திருந்தது, 70இல் ஓரளவு நன்றாக இருந்தது. எஸ்டிமேட் செகண்ட் ஹேண்ட் விலையில் முக்கால் பங்கு வந்தது. வைகாசியில் இன்னும் நாலு முகூர்த்தம் பாக்கி. ஸ்டுடியோவை மூடுகிற ஒருவரிடம் இருந்து அதே லென்ஸை வாங்கிக்கொண்டான், உடைந்தது ஒரு மெக்கானிக்கின் அலமாரிக்குப் போனது.

கருவிகளுக்குக் காப்பீடு எடுத்து வைத்திருந்தால் மேலே சொன்ன வரிசையே மாறும்: யாரையும் பிரிக்க விடாமல் முதலில் போட்டோ எடுத்து நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அப்புறம்தான் எஸ்டிமேட். தொழிலுக்குப் பயன்படுத்துகிற கருவி உங்கள் பாலிசியில் அடங்குமா என்று இப்போதே எடுத்துப் படியுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்கள் ஜாப் ஷீட்டில் வெறுமனே "ஃபோகஸ் பிரச்சினை" என்று எழுத விடாதீர்கள். கீழே விழுந்தது, எந்த ஜூம் முனையில் எந்த மூலை மசங்குகிறது என்று எழுதி, சோதனைப் படத்தையும் கூடவே கொடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியைத் துடைத்து "செக்டு ஓகே" என்று திரும்பி வரும். விழுந்ததை மறைத்து ஒரு பயனும் இல்லை, பிரித்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். திரும்ப வாங்கப் போகும்போது பாடியையும், அந்த வரி விளம்பரப் பக்கங்களைச் சுருட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள். கவுன்டரில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், அங்கேயே சுவரில் ஒட்டி நாலு மூலையையும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பில்லைக் கட்டுங்கள்.